ஸ்பிளெண்டர் ஓட்டியவர் நேரா 350 சிசி-க்கு மாறலாமா? முதல் பெரிய பைக் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஸ்கூட்டரிலோ 100 சிசி பைக்கிலோ பல வருஷமாக வேலைக்குப் போய் வருபவர்களுக்கு, 'அடுத்தது ஒரு பெரிய வண்டி' என்ற ஆசை இருக்கும். அந்த ஆசைக்கு 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஒரு தள்ளுவிசை கிடைத்தது. அன்று முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நேற்றுவரை எட்டாத விலையில் இருந்த புல்லட்டும் ஹன்டரும் திடீரென்று பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

சரி, விலை எட்டிவிட்டது. வண்டி கைக்கு அடங்குமா?

'பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன், இதுல என்ன இருக்கு' என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். ஆனால் அந்தப் பத்து வருஷ அனுபவம் முழுக்க சுமார் 112 கிலோ எடையும், 8 பிஎச்பி பவரும் கொண்ட வண்டியில் கிடைத்தது. எடை, வேகம், பிரேக் மூன்றும் ஒரே நாளில் மாறும்போது, கையும் காலும் பழைய வண்டியின் கணக்கிலேயே வேலை செய்யும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லைசென்ஸ் இருந்தா போதாதா?

சட்டப்படி போதும். ஆர்டிஓ மைதானத்தில் 100 சிசி வண்டியில் எட்டு போட்டுக் காட்டி, கியர் பைக் லைசென்ஸ் வாங்கிய 18 வயது இளைஞர், மறுநாளே 650 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் போகலாம். யாரும் தடுக்க முடியாது. இந்தியாவில் கியர் பைக் லைசென்ஸில் சிசி-க்கோ பவருக்கோ தனிப் படிகள் கிடையாது.

சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே முதலில் 200 சிசி வரைக்கான '2பி' லைசென்ஸ்தான் கிடைக்கும். அதை வைத்துக் குறைந்தது ஓராண்டு ஓட்டிய பிறகு 400 சிசி வரைக்கான '2ஏ'. அதிலும் ஓராண்டு கழிந்த பிறகுதான் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கான 'கிளாஸ் 2'. பிரிட்டனில் சிசி-யோடு பவரையும் பார்க்கிறார்கள். 19 வயதில் கிடைக்கும் 'ஏ2' லைசென்ஸில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 பிஎச்பி வரைதான் ஓட்டலாம். சென்னையில் தயாராகி உலகம் முழுக்கப் போகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ன் பவரும் சரியாக அந்த 47 பிஎச்பி அளவில்தான் இருக்கிறது.

நம்ம ஊரில் அந்தப் படிகளை அரசு வைக்கவில்லை. அதனால் வாங்குபவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிசி-யை மட்டும் பார்த்தா ஏன் ஏமாந்துடுவோம்?

ஷோரூமில் முதல் கேள்வி 'எத்தனை சிசி?' என்பதாகவே இருக்கும். ஆனால் சிசி என்பது இன்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு மட்டும்தான். அதில் இருந்து எவ்வளவு பவர் எடுக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 349 சிசி, சுமார் 20 பிஎச்பி, எடை 195 கிலோ. 2023-ல் வந்த கேடிஎம் 390 டியூக் 399 சிசி, சுமார் 45 பிஎச்பி, எடை 168 கிலோ. சிசி-யில் வித்தியாசம் வெறும் 50. பவரில் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வண்டியின் எடையை அதன் பிஎச்பி-யால் வகுத்துப் பாருங்கள். ஸ்பிளெண்டரில் ஒரு பிஎச்பி சுமார் 14 கிலோவை இழுக்கிறது. கிளாசிக்கில் 10 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. டியூக்கில் 4 கிலோவுக்கும் குறைவு. இந்த எண் குறையக் குறைய, ஆக்சிலரேட்டரைத் தெரியாமல் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் வண்டி பாயும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கை குலுங்கி ஆக்சிலரேட்டர் திரும்புவது எல்லோருக்கும் நடக்கும். ஸ்பிளெண்டரில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். டியூக்கில் அந்தக் குலுக்கலுக்கு முன்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் உங்களுக்கும் இருந்த இடைவெளி காணாமல் போய்விடும்.

இதே கணக்கை ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி-க்குப் போட்டால் ஒரு ஆச்சரியம் கிடைக்கும். சுமார் 17 பிஎச்பி, 145 கிலோ. அதாவது ஒரு பிஎச்பி-க்கு எட்டரை கிலோ. காகிதக் கணக்குப்படி 'பெரிய வண்டி' என்று நாம் சொல்லும் புல்லட்டை விட இந்த 160 சிசி வண்டிதான் துடிப்பானது. 350-ன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்-மிலேயே கிடைக்கும் இழுவை, அதாவது டார்க். கிளாசிக்கில் அது 27 என்எம். மூன்றாவது கியரில் மெதுவாகப் போனாலும் திணறாது. புதிதாகப் பெரிய வண்டிக்கு வருபவருக்கு இந்தக் குணம் நல்லது. தவறுகளை மன்னிக்கும்.

ஓடும்போது இல்ல, நிற்கும்போதுதான் ஆபத்தா?

முதல் மாதத்தில், ஆமாம். பெரிய பைக் வாங்கியவர்கள் முதன்முதலில் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல. வீட்டு வாசலில், பெட்ரோல் பங்கில், அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவில், யூ-டர்னில்.

195 கிலோ என்பது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஸ்பிளெண்டர். வண்டி 40 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த எடை தெரியவே தெரியாது. சொல்லப்போனால் சின்ன வண்டியை விட நிதானமாக, காற்றுக்கு ஆடாமல் போகும். அதை நம்பித்தான் டெஸ்ட் ரைடு முடிந்த பத்தாவது நிமிஷத்தில் பலரும் அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். எடை தன் முகத்தைக் காட்டுவது வேகம் பூஜ்ஜியத்துக்கு வரும்போதுதான்.

ஸ்பிளெண்டர் சாய்ந்தால் ஒரு காலை ஊன்றி நிறுத்திவிடலாம். பெரிய வண்டி ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, காலை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவிடுவது. புது வண்டி கீறல் விழுமே என்று காலைக் கொடுத்தால், கணுக்காலுக்கு மேல் வந்து விழும். இண்டிகேட்டரும் லீவரும் மாற்றிக்கொள்ளலாம்.

விழுந்த வண்டியைத் தூக்கவும் ஒரு முறை உண்டு. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, முடிந்தால் கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் இன்னொரு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, இடுப்பை வளைக்காமல் கால் பலத்தால் பின்பக்கமாகத் தள்ளி எழ வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வண்டி அந்தப் பக்கம் சாயும்.

இன்னொரு விஷயம், வண்டியை நிறுத்துவது. சரிவான இடத்தில் முன்சக்கரம் கீழ்நோக்கி, சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டால் திரும்பி எடுக்கவே முடியாது. பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. 195 கிலோவை மேட்டில் பின்னோக்கித் தள்ள இரண்டு பேர் வேண்டும். பின்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்படி, வெளியே பார்த்து நிறுத்துவதுதான் பழக வேண்டிய முதல் பழக்கம்.

யூ-டர்னில் பலர் செய்வது, வேகம் குறைந்ததும் முன் பிரேக்கைப் பிடிப்பது. ஹேண்டில் திரும்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே விழும். ஹாஃப் கிளட்ச், காலில் லேசாகப் பின் பிரேக், பார்வை போக வேண்டிய இடத்தில். இதை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்தில் அரை மணி நேரம் செய்து பார்த்தால், ஆயிரம் ரிவ்யூ வீடியோ பார்ப்பதை விட அதிகம் தெரிந்துவிடும்.

சீட் உயரம் எவ்வளவு முக்கியம்?

ஸ்பிளெண்டர் சீட் 785 மி.மீ. உயரம். ஹன்டர் 350 சீட் 790, கிளாசிக் 805, மீட்டியோர் 350 வெறும் 765. ஹிமாலயன் 450 சீட் 825-ல் ஆரம்பிக்கிறது. எண்ணைப் பார்த்தால் விரலளவு வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் சீட்டின் அகலமும் சேர்ந்தால் கணக்கு மாறும். அகலமான சீட் தொடைகளை விரித்துவிடும், கால் தரையை எட்டாது.

அதனால் ஷோரூமில் கேட்லாக்கைப் பார்ப்பதை விட, தினமும் போடும் ஷூவோடு போய் உட்காருங்கள். இரண்டு பாதங்களின் முன்பாதியாவது நன்றாக ஊன்ற வேண்டும். பிறகு இறங்கி, இன்ஜின் ஆஃபில் வண்டியைப் பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் போட்டுப் பாருங்கள். சேல்ஸ்மேன் 'சார், அதெல்லாம் பழகிடும்' என்பார். பழகும்தான், ஆனால் அதுவரை வண்டியைத் தினமும் வீட்டில் இருந்து வெளியே எடுக்கப் போவது அவர் அல்ல.

உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெரிய பைக் ஓட்ட விரும்பும் பல பெண்களுக்கு, மீட்டியோர் மாதிரி தாழ்ந்த க்ரூஸர் வண்டிகள் நல்ல தொடக்கம். 191 கிலோ எடை இருந்தாலும் அது கீழே இருப்பதால் கட்டுப்படுத்துவது எளிது.

பிரேக் விஷயத்தில் என்ன மாறுது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். 50 கி.மீ. வேகத்தில் போனதை விட 100-ல் போகும்போது நிற்க நான்கு மடங்கு சாலை வேண்டும். அது பிரேக் பிடித்த பிறகான கணக்கு. ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று வைத்தாலும், 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடியிருக்கும். சின்ன வண்டியில் 100-ஐத் தொட இன்ஜின் அலறும், வண்டி அதிரும், பயம் வரும். 400 சிசி வண்டியில் எந்தச் சத்தமும் இல்லாமல் 100 வந்து நிற்கும். சாலையில் குறுக்கே வரும் மாட்டுக்கு அது தெரியாது.

அடுத்தது, எந்த பிரேக்? 'முன் பிரேக் புடிச்சா தூக்கி எறிஞ்சிடும்' என்று சைக்கிள் காலத்தில் இருந்தே கேட்டு வளர்ந்ததால், பலர் காலில் உள்ள பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் கனமான வண்டி நிற்காது, வழுக்கும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவது போல் படிப்படியாக அழுத்தி, கூடவே பின் பிரேக்கையும் சேர்ப்பதுதான் முறை. இதுவும் காலி மைதானத்தில் பழக வேண்டியது. 30 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து, மெல்ல 50 வரை.

125 சிசி-க்கு மேற்பட்ட எல்லாப் பைக்குகளுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் கட்டாயம். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இது. ஆனால் சட்டத்துக்கு முன்சக்கரத்தில் மட்டும் ஏபிஎஸ் இருந்தாலே போதும். 350 சிசி வண்டிகளிலும் சில விலை குறைந்த வேரியன்ட்கள் இப்படி 'சிங்கிள் சேனல்' ஏபிஎஸ்ஸோடு, பின்னால் டிரம் பிரேக்குடன் வருகின்றன. கலருக்கும் அலாய் வீலுக்கும் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர், முதலில் 'டூயல் சேனல்' ஏபிஎஸ்-க்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

ஏபிஎஸ் இருந்தாலும் வளைவில் சாய்ந்தபடி போகும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. சாய்வை உணர்ந்து வேலை செய்யும் 'கார்னரிங் ஏபிஎஸ்' சில மாடல்களில்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் இறங்கும்போது, இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விடுவது பாதுகாப்பு. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறி, பாதி மலையில் பிடிமானம் குறையும்.

மொத்தச் செலவு எவ்வளவு வரும்?

350 சிசி என்பது இப்போது வரிக்கோடு. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். வரிக்கு முன் 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்குக் கீழே வரி 36 ஆயிரம், மேலே 80 ஆயிரம். இதுபோக தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 12 சதவீத சாலை வரி.

இன்சூரன்ஸிலும் இதே 350-தான் கோடு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, புது வண்டிக்கான ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி பிரீமியம் 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-க்கு மேல் 15,117 ரூபாய். இது அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும். நம் வண்டிக்கான 'ஓன் டேமேஜ்' தனி.

மைலேஜ் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். 350-ல் லிட்டருக்கு 30 முதல் 35 கி.மீ. எதிர்பார்க்கலாம். ஸ்பிளெண்டர் தருவதில் ஏறக்குறைய பாதி. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பட்ஜெட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், ஒரு படி சின்ன வண்டி வாங்குவதே சரி. ஏனென்றால் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ இவற்றுக்கு வண்டி விலையில் பத்தில் ஒரு பங்காவது ஒதுக்க வேண்டும். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் 'ஐஎஸ் 4151' என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். தலையில் மாட்டி, பட்டையைக் கட்டி, கையால் அசைத்தால் கன்னத்தின் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தனியாகச் சுற்றினால் அது உங்கள் சைஸ் இல்லை.

அப்போ எந்த வண்டி யாருக்கு?

இதுவரை 100 அல்லது 125 சிசி மட்டுமே ஓட்டியவர் என்றால் ஹன்டர் 350, மீட்டியோர், கிளாசிக், ஹோண்டா சிபி350 போன்ற 20 பிஎச்பி வண்டிகள் பொருத்தமானவை. இவற்றில் ஹன்டரும் சிபி350-ம் கிளாசிக்கை விட எடை குறைவாக இருப்பதால் ஊருக்குள் ஓட்டக் கொஞ்சம் எளிது. 'புல்லட்டுன்னா அந்த கெத்து' என்பவர்களிடம் எதுவும் சொல்வதற்கில்லை. 1956-ல் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியதில் இருந்து இந்த ஊருக்கும் அந்தச் சத்தத்துக்கும் உள்ள உறவு அப்படி. ஆனால் 195 கிலோவைத் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே 150 அல்லது 200 சிசி வண்டியை இரண்டு, மூன்று வருஷம் ஓட்டியவர் 40 பிஎச்பி வண்டிகளைப் பார்க்கலாம். 2023-ல் 398 சிசி இன்ஜினுடன் அறிமுகமான டிரையம்ஃப் ஸ்பீடு 400, ராயல் என்ஃபீல்டு கெரில்லா 450 ஆகியவை இந்த ரகம். 390 டியூக் அருமையான வண்டி. ஆனால் முதல் பெரிய வண்டியாக அதை வாங்குவது, நீச்சல் பழக நேராகக் கடலில் இறங்குவது மாதிரி. 650 இன்னும் ஒரு படி மேலே. பவர் டியூக் அளவுதான் என்றாலும் எடை 200 கிலோவைத் தாண்டும்.

இப்போதே முடிவெடுக்க முடியவில்லையா? ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வாடகை வண்டிக்குக் கறுப்பு எழுத்தில் மஞ்சள் நம்பர் பிளேட் இல்லாமல் அதற்கே உரிய கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்தின்போது இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

முதல் பெரிய வண்டி எப்படியும் ஒருமுறையாவது சாயும் என்பதால், பழைய வண்டி நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முன் ஓட்டியவரும் அதைச் சாய்த்திருப்பார். ஹேண்டில் பாரின் முனை, ஃபுட்ரெஸ்ட் முனை, சைலன்ஸரின் ஓரம் ஆகிய மூன்றையும் தடவிப் பாருங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் 'டக்' என்று மாட்டுகிறதா என்று பாருங்கள். அப்படி மாட்டினால் கோன் செட் போய்விட்டது.

ஆவணத்தில், ஆர்சி புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் என்ஓசி-யும் படிவம் 35-ம் கையில் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் என்ன செய்யணும்?

புது டயர் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வளைவில் அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்ட வேண்டும். இன்ஜினையும் இந்தக் கட்டத்தில் விரட்டக் கூடாது. எத்தனை ஆர்பிஎம், முதல் சர்வீஸ் எப்போது என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும்.

முதல் மாதம் தனியாகவே ஓட்டுங்கள். வண்டி வந்த அன்றே மனைவியையோ நண்பரையோ பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் பின்னால் 60 கிலோ ஏறினால் பிரேக் தூரம், திருப்பம், நிறுத்தும்போது சமநிலை எல்லாமே மறுபடி மாறும். ஒரு கஷ்டத்தைப் பழகி முடிக்கும் முன் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.

பின்னால் உட்காருபவரை ஏற்றும் நாள் வரும்போது, அவருக்கும் ஒரு ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்கியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு இருவருக்கும் அதைக் கட்டாயமாக்குகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் உயிரிழந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.